ட்ரோனில் பார்த்து இடம் சொன்னால் அதுவும் வேட்டைதானா?

வானோடி_குடியாத்தம் | ஞாயிறு இரவு 9:40

வணக்கம். குடியாத்தம் பக்கம் மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். நெல்லும் கரும்பும்தான் அதிகம். அது போக, சோலார் பேனல்களில் எது சூடேறிக் கெட்டிருக்கிறது என்று பார்க்க வெப்பக் கேமரா பொருத்திய சின்ன ட்ரோன் ஒன்றும் இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

கொஞ்ச நாளுக்கு முன்னால் தெரிந்தவர் மூலம் இரண்டு பேர் வந்தார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் பன்றி இறங்குகிறது, ராத்திரி எங்கே நிற்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொன்னால் போதும், ஒரு ராத்திரிக்கு மூவாயிரம் என்றார்கள். விரட்டுவதற்குத்தான் கேட்கிறார்கள் என்று நம்பிப் போனேன்.

பத்து மணிக்கு ஏற்றிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நம் ஊர்ப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை நடுராத்திரி வரைக்கும் கக்கும். திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பாறைதான். மூன்றரை மணிக்குத் திரும்ப ஏற்றினேன். பாறை ஆறியிருந்தது. வேலிக்காத்தான் புதர் ஓரமாக ஒன்பது புள்ளி. பெரியது ஒன்று, நடுத்தரமாக இரண்டு, மீதி எல்லாம் குட்டி. குட்டிகள் தாய் போகிற பக்கமெல்லாம் வரிசை கலையாமல் போயின. அதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

போனில் "புளியமரத்துக்குக் கிழக்கே நாற்பது அடி" என்று சொன்னேன். இரண்டு நிமிஷம் இருக்கும். வெடிச் சத்தம் கேட்டது. திரையில் பெரிய புள்ளி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. பக்கத்தில் தரையில் இன்னொரு வெள்ளை மெதுவாகப் பரவியது. அது சூடான இரத்தம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குட்டிகள் சிதறி ஓடின, திரும்பி வந்தன, மறுபடி ஓடின. பேட்டரி இருபது சதவீதம் என்று காட்டியதும் இறக்கிவிட்டேன்.

காலையில் ஒரு பங்கு கறி கொண்டுவந்து நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். பணம் வாங்கிவிட்டேன். அது இன்னும் மேசை டிராயரில் அப்படியே கிடக்கிறது.

துப்பாக்கியை நான் தொடவில்லை. ஆனால் நான் சொல்லாமல் இருந்திருந்தால் அது அன்றைக்குச் செத்திருக்காது. இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? சட்டத்தை விடுங்கள், நியாயம் என்ன?


சட்டம்_காட்பாடி | ஞாயிறு இரவு 10:15

தம்பி, முதலில் ஒன்று. ஊர், நாள், ஆட்கள் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதாதீர்கள். ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

இப்போது சட்டம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2(16) ஆம் பிரிவு. வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. விஷம் வைப்பது, பிடிப்பது, சுருக்குப் போடுவது, பொறி வைப்பது, விரட்டி ஒதுக்குவது, இரை காட்டி இழுப்பது எல்லாமே அதற்குள் வரும். முயற்சி செய்தாலும் வேட்டைதான். 52 ஆம் பிரிவு உடந்தையாக இருந்தவரையும் குற்றம் செய்தவராகவே கருதச் சொல்கிறது. "இடம் மட்டும்தான் சொன்னேன்" என்பது அங்கே நிற்காது. தெரியாமல் போனது வேறு, தெரிந்த பிறகு இரண்டாம் முறை போவது வேறு. அந்த வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காட்டுப்பன்றி இப்போது அந்தச் சட்டத்தின் விலங்குப் பட்டியலில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2022 இல் திருத்தம் செய்து 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிற அட்டவணை அது. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். சரணாலயத்துக்குள் நடந்தாலோ, விலங்கு முதல் அட்டவணையில் இருந்தாலோ மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஏழு வரை போகும். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியும் கருவியும் 39 ஆம் பிரிவின்படி அரசாங்கத்துக்குப் போய்விடும். உங்கள் ட்ரோனும் கருவிதான்.

2021 ட்ரோன் விதிகளைத் தேடிப் படித்தால் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம், விமான நிலையம் பக்கத்தில் அனுமதி வாங்கு, பதிவெண் எடு, பயிற்சிச் சான்றிதழ் எடு என்றுதான் இருக்கும். எல்லாம் வானத்தைப் பற்றிய பேச்சு. கீழே நிற்கிற உயிரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. வனச்சட்டத்தில் ட்ரோன் என்ற சொல்லே இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தில்தான் உங்களைக் கூப்பிட்ட ஆட்கள் புகுந்து போகிறார்கள்.

பழைய சட்டத்தில் ஒரு விஷயம் இருந்தது. 1972 இல் உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தபோது, எப்படியெல்லாம் வேட்டையாடக் கூடாது என்று 17 ஆம் பிரிவில் ஒரு பட்டியலே போட்டிருந்தார்கள். மோட்டார் வண்டியில் இருந்து கூடாது. விமானத்தை வைத்துக் கூடாது. செயற்கை வெளிச்சம் காட்டக் கூடாது. உப்பு நக்க வருகிற இடத்திலும் தண்ணீர் குடிக்க வருகிற இடத்திலும் வைத்து அடிக்கக் கூடாது. 1991 இல் வேட்டை உரிமமே ஒழிந்ததும் அந்தப் பிரிவையும் எடுத்துவிட்டார்கள், தேவைப்படாது என்று. ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து "மேலே இருந்து பார்த்து அடிக்காதே" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள்.


மல்லாட்டைக்கொல்லை | ஞாயிறு இரவு 11:02

பேரணாம்பட்டு பக்கம் இரண்டரை ஏக்கர் மானாவாரி எனக்கு. இதுவரை பேசியவர்கள் யாரும் காலையில் எழுந்து கொல்லைக்குப் போய்ப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

ஆடியில் விதைத்து, களை எடுத்து, காய் பிடிக்கிற நேரத்தில் பன்றி இறங்கும். ஏர் ஓட்டின மாதிரி வரிசை வரிசையாகக் கிளறிப் போட்டிருக்கும். தின்றதை விட மிதித்ததும் புரட்டினதும்தான் அதிகம். பிடுங்கிப் போட்ட செடியைக் கையில் எடுத்தால் பால் பிடிக்காத பிஞ்சு தொங்கும். ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் போய்விட்டது எனக்கு. அந்த வருஷம் விதைக் கடனை என் மகள் வளையலை வைத்துக் கட்டினேன்.

வேலியைச் சுற்றிச் சேலை கட்டினோம். சலூனில் இருந்து முடி வாங்கி வந்து தூவினோம். முட்டைக் கரைசல் தெளித்தோம். பத்து நாள் பயப்படும், பதினோராம் நாள் சேலையை மிதித்துக்கொண்டே உள்ளே வரும்.

பன்றி மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் தம்பி ட்ரோன் ஏற்றியதைப் பாவம் என்று பேசுகிற யாராவது ஒரு மாசம் என் பரண் மேல் வந்து படுத்துப் பாருங்கள்.


அமிர்திக்காடு | திங்கள் காலை 6:20

வனக்காவலராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலை, ஒடுகத்தூர், அமிர்தி எல்லாம் காலால் அளந்த காடு. பரண் மேல் படுத்தும் இருக்கிறேன் ஐயா. நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வரியும் உண்மை.

தம்பி எழுதியதில் எனக்கு உடம்பு நடுங்கிய இடம் ஒன்று உண்டு. பன்றி செத்த இடம் இல்லை அது. போனில் இடம் சொல்ல, இருட்டில் ஒருவன் அதை நம்பிச் சுட்டான் பாருங்கள், அந்த இடம். மேலே இருந்து பார்த்தால் பன்றியும் வெள்ளைப் புள்ளி, கரடியும் வெள்ளைப் புள்ளி, மேய்ச்சலுக்கு விட்டு வீடு திரும்பாத கன்றுக்குட்டியும் வெள்ளைப் புள்ளி. விடிகாலை நாலு மணிக்கு ஒதுங்கப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனும் அதே புள்ளிதான். சுடுகிறவன் கண்ணால் பார்த்துச் சுட்டாலே தப்பு நடக்கிறது. இங்கே பார்த்தவன் ஒருத்தன், சுட்டவன் ஒருத்தன். தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

மோர்தானா, சைனகுண்டா பக்கம் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்தில் இருந்து யானை இறங்குவது எல்லோருக்கும் தெரியும். யானைக்கு ட்ரோன் சத்தம், அது பயப்படுகிற தேனீக் கூட்டத்தின் சத்தம் மாதிரி. தான்சானியாவில் யானையை வயலில் இருந்து விரட்டவே அதைப் பயன்படுத்துகிறார்கள். தெரிந்தவர்கள் நிதானமாகக் காட்டுப் பக்கம் தள்ளினால் நல்லது. தெரியாதவன் ஏற்றினால் யானை ஊர்ப் பக்கம் ஓடும். 2023 மே மாதம் தேனி மாவட்டம் கம்பத்தில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை புளியந்தோப்பில் நின்றபோது ஒருவர் படம் பிடிக்க ட்ரோன் விட்டு, யானை மிரண்டு கிளம்பியது நினைவிருக்கும்.

பன்றிக்கு வைக்கிற எதுவும் பன்றியோடு நின்றதில்லை. அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடி, வைப்பார்கள், மாடு கடித்து வாய் கிழிந்து நிற்கும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், பயிரைக் காக்கப் போட்ட கள்ள மின்வேலியில் மூன்று யானை செத்தன. இரண்டு குட்டி தாயைச் சுற்றிச் சுற்றி நின்றன. தம்பி, உங்கள் திரையில் பார்த்த குட்டிகளைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


நிர்வாகி | திங்கள் காலை 8:00

ஊர்ப் பெயரோடு ஆட்களை அடையாளம் காட்டும் இரண்டு மறுமொழிகள் நீக்கப்பட்டன. விஷயத்தைப் பேசுங்கள், ஆளைப் பேச வேண்டாம்.


மல்லாட்டைக்கொல்லை | திங்கள் பகல் 1:10

அமிர்தி ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மின்வேலி நான் போட்டதில்லை, போடவும் மாட்டேன்.

ஆனால் அரசாங்கம் எங்களுக்கு என்ன வழி விட்டிருக்கிறது? 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரைக்கும் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறை ஆட்களே சுடுவார்கள். சரி. என் கொல்லைக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வண்டிப்பாதை. பன்றி முதலில் வருவதும் என்னிடம்தான், சட்டம் கடைசியாக வருவதும் என்னிடம்தான்.

கேரளாவில் 2022 இல் இருந்தே பஞ்சாயத்துத் தலைவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்து அடிக்கிறார்கள். அங்கே மட்டும் எப்படி முடிந்தது?


வேட்டைக்குடும்பம் | திங்கள் மாலை 5:35

மறைக்காமல் சொல்கிறேன். என் தாத்தா வேட்டைக்காரர். பொங்கல் கழிந்து ஊரோடு முயலுக்குப் போவார்கள், நாயும் வலையும் தடியுமாக. நான் போவதில்லை, சட்டம் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி.

தடியோடு போனவன், கண்ணி வைத்தவனைப் பார்த்து இது வேட்டையா என்று கேட்டிருப்பான். கண்ணி வைத்தவன், கரிமருந்துத் துப்பாக்கியைப் பார்த்துக் கேட்டிருப்பான். நெற்றியில் பேட்டரி லைட் கட்டிக்கொண்டு போனவனையும் ஒரு காலத்தில் எல்லோரும் திட்டினார்கள். வெளிச்சத்தில் முயல் கண் கூசி நின்றுவிடும், ஓடாது. இப்போது ட்ரோன். கோட்டை எங்கே போடுவது? ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு அடுத்து வந்ததைத்தானே அநியாயம் என்கிறது?


மிச்சிகன்_வேலூரான் | திங்கள் இரவு 9:50

சொந்த ஊர் சத்துவாச்சாரி, பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிற விஷயம். உடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் நவம்பர் பிறந்தால் காட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்தக் கோடு எங்கே என்ற சண்டை இங்கே சத்தமாக நடந்திருக்கிறது.

விமானத்தில் பறந்துகொண்டே சுடுவதை 1971 இலேயே மத்தியச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அலாஸ்காவில் ஒரு விதி இருக்கிறது. சின்ன விமானத்தில் பறந்து போனவர் அன்றைக்கே பெரும்பாலான பெரிய விலங்குகளைச் சுடக் கூடாது, மறுநாள் விடிகாலை மூன்று மணி தாண்ட வேண்டும். மேலிருந்து பார்த்த இடம் அதற்குள் பழசாகிவிடும், விலங்கு நகர்ந்திருக்கும். ட்ரோன் வந்ததும் 2014 ஜனவரியில் கொலராடோவும், மார்ச்சில் அலாஸ்காவும் வேட்டைக்கு அதைத் தடை செய்தன. தடை கேட்டுப் போனதில் வேட்டைக்காரர்களின் சங்கங்களே முன்னால் நின்றன. பின்னால் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887 இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர் சங்கம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருவது இதுதான்: தப்பிக்க வழி இருக்கிற விலங்கைத்தான் துரத்த வேண்டும், தப்பிக்க முடியாதபடி மடக்கி அடிப்பது வேட்டை ஆகாது.

வேட்டைக்குடும்பம் கேட்டதற்கு என் பதில். தடி, கண்ணி, துப்பாக்கி, நெற்றி லைட், எதை எடுத்தாலும் மனுஷன் காட்டுக்குள் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. அந்த மூக்கு அதற்கு உதவும். ட்ரோனுக்கு வாசனை கிடையாது. எண்ணூறு அடி தள்ளி வண்டிக்குள் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் நூறு ஏக்கரைத் தடவிவிடலாம். வேட்டைக்காரன் வருகிறான் என்று தெரிந்துகொள்ள அந்த உயிருக்கு இருந்த எல்லா வழியும் அடைபட்டுப் போகிறது. புதர் என்பதே ஒளிய இடம். ஒளிய இடமே இல்லாமல் ஆக்குவதைத் துப்பாக்கி கூடச் செய்ததில்லை.

மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடம்புக்குள் இதயத் துடிப்பை அளக்கும் கருவி வைத்து, மேலே ட்ரோன் விட்டுப் பார்த்தார்கள். 2015 இல் அந்த ஆய்வு வந்தது. கரடிகள் பெரும்பாலும் ஓடவில்லை, நின்ற இடத்தில் நின்றன. ஆனால் இதயம் எகிறியது, ஒரு கரடிக்கு நிமிஷத்துக்கு 120 துடிப்புக்கு மேல் கூடியது. பார்வைக்கு அமைதியாக நிற்கிற விலங்கு உள்ளுக்குள் அப்படி இருக்கிறது.


வானோடி_குடியாத்தம் | திங்கள் இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. மிச்சிகன் அண்ணா, "ஒளிய இடம்" என்று சொன்னதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. அந்த வேலிக்காத்தான் புதருக்குள் அது நன்றாக ஒளிந்துதான் இருந்தது. டார்ச் அடித்துத் தேடினால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

இனிமேல் போக மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். "நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன்" என்றார் ஒருவர்.


நடுகல்_தேடி | செவ்வாய் காலை 10:05

செங்கம், ஜவ்வாது மலை அடிவாரம் என்று நடுகல் தேடி அலைகிறவன். நம் பழைய வடஆர்க்காடு நடுகற்களுக்குப் பேர் போன மண். ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன், அப்புறம் பன்றி குத்திச் செத்தவன். பன்றிக் கல்லைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வீரன் கையில் ஈட்டியோ கத்தியோ பன்றியின் உடம்பில் இறங்கியிருக்கும், பன்றி அவன் மேல் பாய்ந்தபடி நிற்கும். சில கல்லில் வீரனுடைய நாயும் இருக்கும். இரண்டு உயிரையும் ஒரே அளவில் செதுக்கியிருப்பான் சிற்பி.

அந்த ஆள் ஊர்ப் பயிரைக் காக்கப் போய்ச் செத்தான். அதனால்தான் ஊர் அவனுக்குக் கல் நட்டு, இன்றைக்கும் சில இடங்களில் பொங்கல் வைக்கிறது. மல்லாட்டைக்கொல்லை ஐயா படுகிற பாடு ஆயிரம் வருஷத்துப் பாடு. அதை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். ஆனால் தம்பியைக் கூப்பிட்டவர்கள் பயிரைக் காக்க வந்தவர்களா? கறியைப் பங்கு போட்டார்கள் என்றால் அந்தக் கொல்லைக்காரருக்கே அவர்கள் வந்தது தெரியுமா? எனக்குச் சந்தேகம்.


சாமைக்கதிர் | செவ்வாய் பகல் 2:45

ஜவ்வாது மலையில் இருந்து எழுதுகிறேன். மலையாளி என்கிற பழங்குடிக் குடும்பம், சாமையும் கேழ்வரகும் எங்கள் பயிர்.

ட்ரோனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் உடனே "வனத்துறையே ட்ரோன் விட்டுக் கண்காணிக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் இதையும் கேளுங்கள். உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குக்கு என்று வைத்த கேமராவும் ட்ரோனும் விறகுக்குப் போன பெண்களைப் படம் பிடித்ததை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 இல் எழுதினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு கூட்டமாகப் போகிற பெண்கள் கேமராவுக்குப் பயந்து பாடுவதையே நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பாட்டுச் சத்தம்தான் புலியைத் தள்ளி வைத்தது.

எங்கள் பக்கத்திலும் வீட்டில் கழிப்பறை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். விடிகாலையில் பெண்கள் எங்கே போவார்கள்? தலைக்கு மேலே ர்ர்ர் என்று ஒன்று வந்தால் அதை ஓட்டுவது வேட்டைக்காரனா, அதிகாரியா, கல்யாண வீடியோ எடுக்கிறவனா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சேலையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து ஓடத்தான் தெரியும்.

இன்னொன்று. நாட்டுத் துப்பாக்கி என்றாலே மலைக்காரன் என்று கை நீட்டுவார்கள். லட்சக்கணக்கில் விலை உள்ள வெப்பக் கேமரா எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. இந்த வேட்டை கீழே இருந்து கார் ஏறி வருகிற வேட்டை. வழக்குப் போடும்போது அதை மறக்காதீர்கள்.


அமிர்திக்காடு | செவ்வாய் மாலை 6:40

சாமைக்கதிர் சொன்னதற்குத் தலை வணங்குகிறேன் அம்மா. பணியில் இருந்தபோது நாங்களும் அவசரப்பட்டு மலைக்காரர் வீட்டைத்தான் முதலில் தட்டியிருக்கிறோம். அது தப்பு.

ஆனாலும் அரசாங்கம் கையில் ட்ரோனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2024 இல் உத்தரப்பிரதேசம் பஹ்ராயிச்சில் ஓநாய் குழந்தைகளைத் தூக்கிப் போனபோது கரும்புக் காட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று வெப்ப ட்ரோன் வைத்துத்தான் தேடினார்கள். அங்கே உத்தரவு போட்டவர் யார், பறக்கவிட்டவர் யார் என்று ஏட்டில் இருந்தது. கேள்வி கேட்க ஒரு முகம் இருந்தது. ராத்திரி மூன்றரை மணிக்குப் போனில் இடம் சொல்வதில் அந்த முகம் இல்லை.


சட்டம்_காட்பாடி | செவ்வாய் இரவு 9:15

கேரளா பற்றிக் கேட்ட ஐயாவுக்கு. சட்டத்தின் 11 ஆம் பிரிவில் அதிகாரி எழுத்து மூலம் காரணம் சொல்லி, பயிருக்கோ உயிருக்கோ ஆபத்தான விலங்கைச் சுட உத்தரவிடலாம். கேரளா அந்த அதிகாரத்தை உள்ளாட்சிக்குக் கொடுத்தது. 62 ஆம் பிரிவில் பன்றியைத் தீங்குயிர் (சட்டப் பாதுகாப்பு இல்லாத விலங்கு) என்று ஒரு பகுதிக்கு அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. உத்தராகண்டுக்கும் பீகாருக்கும் முன்பு அப்படி அறிவித்தார்கள். தமிழ்நாட்டு ஏற்பாடு வேறு, நீங்களே சொல்லிவிட்டீர்கள். காட்டோரத்து விவசாயிக்கு அதில் எதுவும் இல்லை என்ற உங்கள் குறை நியாயமானது, அதை மனுவாக எழுதுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

ட்ரோனுக்கு என் கருத்து. வனவிலங்கின் இருப்பிடத்தை மேலிருந்து கண்டறிந்து வேட்டைக்காகச் சொல்வது வேட்டையே என்று 2(16) இல் தெளிவாக ஒரு வரி சேர்க்க வேண்டும். இப்போதே உடந்தை என்று வழக்குப் போடலாம்தான். ஆனால் தெளிவாக எழுதியிருந்தால் வானோடி மாதிரிப் பையன்கள் முதல் நாளே மாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். பயிற்சி நிலையத்தில் விமான நிலையத்தில் இருந்து எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் நம் பக்கத்து ஓட்டுநர்களுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். காப்புக்காட்டு எல்லையைப் பற்றியும் அதே வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாமே.


மிச்சிகன்_வேலூரான் | செவ்வாய் இரவு 10:30

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜெர்மனியில் மே, ஜூனில் புல் அறுக்கும் இயந்திரம் வரும்போது மான்குட்டி ஓடாது, புல்லுக்குள் அப்படியே அமுங்கிப் படுத்துவிடும். அறுவையில் மாட்டிச் சாகும். அதனால் விடிகாலையில், தரை ஆறியிருக்கும் நேரத்தில், வெப்ப ட்ரோன் விட்டுக் குட்டியைக் கண்டுபிடித்துப் புல்லோடு தூக்கிப் பெட்டியில் வைத்து, அறுவை முடிந்ததும் விடுகிறார்கள். இந்த ட்ரோன் வாங்க அங்கே அரசாங்கமே மானியம் தந்திருக்கிறது. வேட்டைச் சங்கத்து ஆட்களும் இதில் இருக்கிறார்கள். வானோடி தம்பி மூன்றரை மணிக்கு எழுந்து ஏற்றியதும் அதே நேரம்தான், அதே கேமராதான்.


மல்லாட்டைக்கொல்லை | புதன் காலை 5:50

வானோடி தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. சுடுவதற்கு இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்துத் தகரம் தட்டுகிறோம், பன்றி மேற்கே இருக்கும், நாங்கள் கிழக்கே தட்டிக்கொண்டிருப்போம். எந்தப் பக்கம் இறங்குகிறது என்று மட்டும் தெரிந்தால் அந்தப் பக்கம் லைட் போட்டுச் சத்தம் கொடுக்கலாம். இதுவும் சட்டப்படி குற்றமா வக்கீல் சார்?


சட்டம்_காட்பாடி | புதன் காலை 9:00

"விரட்டி ஒதுக்குவது" என்று சட்டம் சொல்வது பிடிக்கவோ கொல்லவோ விரட்டுவதை என்றுதான் நான் படிக்கிறேன். உங்கள் பட்டா நிலத்தில் நின்று சத்தம் போட்டுப் பயிரைக் காப்பது அது இல்லை. ஆனால் மூன்று விஷயம். ட்ரோன் உங்கள் கொல்லை எல்லையைத் தாண்டி காப்புக்காட்டுக்கு மேலே போகக் கூடாது. விலங்கைத் துரத்திக்கொண்டு பறக்கக் கூடாது. வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நகல் வாங்கி வையுங்கள். அப்புறம், சேதம் ஆன மறுநாள் பகலில் அதே ட்ரோனில் கொல்லையைப் படம் எடுத்து வைத்தால், பட்டா, அடங்கலோடு நிவாரண மனுவில் சேர்க்கலாம். கால் ஏக்கர் போனது என்று வாயால் சொல்வதும் படத்தில் காட்டுவதும் ஒன்றில்லை.


சாமைக்கதிர் | புதன் காலை 9:25

பறக்கும் நேரத்தை ஊரில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெண்களிடமும் சொல்லுங்கள்.


வானோடி_குடியாத்தம் | சனி காலை 7:15

வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கினோம். முந்தின நாள் சாயங்காலம் ஐயா வீட்டு அம்மா தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

விடிகாலை மூன்றே முக்காலுக்கு ஏற்றினேன். வண்டிப்பாதையைத் தாண்டவில்லை, ஐயாவின் கொல்லைக்கு மேலேயே நிறுத்தி வைத்தேன். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு வடமேற்கு மூலையில் ஆறு புள்ளி வந்தது. சொன்னேன். ஐயா அந்தப் பக்கம் போய் லைட்டைப் போட்டுத் தகரத்தைத் தட்டினார், அவர் பேரன் வாயில் விரல் வைத்து விசில் அடித்தான். ஆறும் நின்றன. முன்னால் இருந்தது திரும்பியதும் மற்றதும் திரும்பின. வண்டிப்பாதையைத் தாண்டிப் போய்ப் புதருக்குள் மறைந்தன. அதற்கு மேல் நான் கேமராவைத் திருப்பவில்லை.

காலையில் எண்ணிப் பார்த்தோம், ஏழெட்டுச் செடிதான் போயிருந்தது. பெரிய கூட்டமாக வந்தால் இது போதுமா என்று தெரியவில்லை. நாலு நாள் கழித்து அதற்கும் பழகிவிடும் என்கிறார் ஐயா. இரண்டு பேட்டரி வைத்து ஒரு ராத்திரிக்கு ஒரு மணி நேரம்தான் பறக்க முடியும், மீதி நேரம் அவர்தான் விழித்திருக்க வேண்டும்.

டிராயரில் இருந்த பணத்தை அந்த ஆட்களிடமே திருப்பிக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று வக்கீலைப் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன். திங்கட்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்.


மல்லாட்டைக்கொல்லை | சனி காலை 7:40

தம்பி, காய் பிடுங்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திரும்ப வா. பேட்டரி சார்ஜ் போட மோட்டார் ரூமில் லைன் இழுத்து வைக்கிறேன்.